குளியலறைக் கண்ணாடியில் ஒரு பெருக்கல் குறி

எங்கள் லிங்கநகர் வீட்டுக் குளியலறையில் குளிக்கும் மூலையை மறைத்து ஒரு கண்ணாடித் தடுப்பு நின்றது. என் கணவர் கட்டாரில் ஹோட்டல் குளியலறைகளுக்குக் கண்ணாடி பொருத்திப் பூட்டுபவர். லீவில் வந்தபோது கொழும்பில் அதை வாங்கி, வைக்கோல் சுற்றி லொறியில் ஏற்றி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கிக் காட்டி வீடு சேர்த்தார். குளிக்கிற ஆளை வெளியே காட்டுகிற மறைப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். அவர் மட்டும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பூட்டி மூன்றாம் கிழமை திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு, ஓய்ந்திருந்த யுத்தம் மறுபடி தொடங்கியது. துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்த முதல் நாளே நானும் ஏழு வயது மகளும் குளியலறைக்குள் போய்ப் படுத்தோம். வீட்டின் மற்றப் பக்கமெல்லாம் ஓடு. தண்ணீர்த் தாங்கி வைப்பதற்காகக் குளியலறைக்கு மட்டும் கொங்கிரீட் தட்டுப் போட்டிருந்தோம். இருக்கிற ஒரே பாதுகாப்பான இடத்துக்குள் ஆளுயரக் கண்ணாடி. உடைந்தால் எங்கள் மேல்தான் கொட்டும். உடைந்தாலும் சில்லுகள் சிதறாதிருக்க, அதன் உள்பக்கத்தில், பெட்டி ஒட்டுகிற மண்ணிற டேப்பை மூலைக்கு மூலை குறுக்காக இழுத்து ஒட்டினேன். பெரிய பெருக்கல் குறி ஒன்று விழுந்தது. மகளின் தலைக்குப் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்தேன். பதினொரு நாள் அப்படிக் கிடந்தோம்.

அவர் அங்கிருந்து வெள்ளிக்கிழமைகளில்தான் ஃபோன் எடுப்பார். அந்த வெள்ளியும் எடுத்தார். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டதற்கு, கப்பல்துறைப் பக்கம் வெடி வைத்துக் கல்லுடைக்கிறார்கள் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பார். வேலையும் போயிருக்கும், அந்தக் குளியலறையில் மூன்றாவது ஆளுக்கு இடமும் இல்லை. கல்லுடைப்பவர்களிடம் சொல்லி எங்கள் கிணற்றையும் ஆழமாக்கும்படி பகிடி விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யை வளர்ப்பது என் பொறுப்பாயிற்று. அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று மகளிடமும் சத்தியம் வாங்கினேன். செய்தியில் கேட்டு விசாரிக்கும்போதெல்லாம், அது குடாவுக்கு அங்கால் மூதூர்ப் பக்கம், எங்களுக்கு ஒன்றுமில்லை என்பேன்.

சண்டை ஓய்வதும் வருவதுமாக இருந்ததால் டேப்பை உரிக்க மனம் வரவில்லை. ஒன்றரை வருடம் அதோடேயே குளித்தோம். அவர் லீவில் வருகிறார் என்றதும் அவசரமாக உரித்தேன். நடந்தது தெரிந்தால் எங்களைத் தனியே விட்டுத் திரும்பிப் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் தொட்டுப் பசையை எடுத்துவிட்டுப் பார்த்தால், டேப் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மீதியெல்லாம் உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆர்வம்தான் முந்திக்கொண்டு வந்தது. தண்ணீர் கலந்து ஐதாக்கிய அமிலம் ஒரு துளி விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புதான். வினாகிரியில் நனைத்த துணியைக் கண்ணாடி முழுக்க ஒட்டி ஊறவிட்டு, பாதித் தேசிக்காயால் தேய்த்துக் கழுவினேன். கண்ணாடி புதிதாக நின்றது. வென்றுவிட்டேன் என்று தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். காய்ந்திருந்தது. பெருக்கல் குறி மங்கலாகத் திரும்பி வந்திருந்தது.

தண்ணீர் ஊற்றினேன், மறைந்தது. துடைத்தேன், வந்தது. இதைப் பத்துத் தரமாவது செய்திருப்பேன். அம்மாவுக்கு மூளை தட்டிவிட்டது என்று மகள் முடிவு கட்டியிருப்பாள். படலம் போனாலும் அதன் கீழே கண்ணாடியே நுணுக்கமாக அரிபட்டிருக்கிறது, டேப் மூடிய இடம் மட்டும் தப்பியிருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. அந்தச் சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பினால் தெரியாது, காய்ந்தால் தெரியும். அப்படியென்றால் காயாத ஒன்றால் நிரப்பினால் என்ன? துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லப் பூசினேன். குறி போய்விட்டது. தெளித்த தண்ணீரும் தங்காமல் உருண்டு ஓடியது. இனிக் கறையும் பிடிக்காது. இவ்வளவு கெட்டித்தனத்தை யாரிடமும் சொல்ல ஏலாதே என்பதுதான் என் கவலை.

அவர் வந்தார். பெட்டியை வைத்த கையோடு கண்ணாடியைத்தான் போய்ப் பார்த்தார். நன்றாக வைத்திருக்கிறீர் என்று மெச்சிவிட்டு, சவர்க்காரம் போட்டு ஆசை தீரக் குளித்தார். சவர்க்காரம் எண்ணெயைக் கழுவிவிடும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஆய்வுகூடத்தில் எத்தனையோ வருடம் வேலை செய்தவளுக்கு, அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டிருந்தது; குறியும் மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தது. அவர் விரலை ஒரு மூலையில் வைத்து அடுத்த மூலை வரை இழுத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு ஏன் அப்படி டேப் ஒட்டுவார்கள் என்று இந்த ஊரில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு நிமிர்ந்து கொங்கிரீட் தட்டைப் பார்த்தார்.

"எத்தினை நாள் இதுக்குள்ள இருந்தனீங்கள்?"

பதினொரு நாள் என்றேன். ஒன்றரை வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவர் தலை துவட்டாமல் அப்படியே நின்றார்.

"நான் கிணத்தைப் பற்றிப் பகிடி விட்டனான்" என்றார்.