ரீம் யாரென்று கேட்டேன்

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆலிவ் எண்ணெயைச் சோதித்து ஏற்றுமதிக்குச் சான்று தரும் கூடம் எங்களுடையது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் ஜுவைதா அக்கா. பதினாறு வருஷம் தட்டித் தட்டி வலது மணிக்கட்டு போய்விட்டது. கட்டுப் போட்டுக்கொண்டுதான் வேலை.

ஓர் எண்ணெய் மாதிரியின் முடிவைப் பார்க்க வேண்டுமானால், கறுப்புத் திரையில் வருஷம், பருவம், ஊர், செக்கு என்று எட்டுக் கோப்புறைப் பெயர்களை வரிசையாக அடித்து இறங்க வேண்டும். அக்கா அதற்கெல்லாம் சுருக்கப் பெயர் வைத்திருந்தாள். "ரீம்" என்று அடித்தால் இந்தப் பருவத்து மாதிரிகள் வந்து நிற்கும். "மைஸ்" போன வருஷத்தது. "ஸிரீன்" துறைமுகக் கடிதங்கள். நாங்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம்.

வந்தாரே புது மேலாளர் ஷாத்லி!

"என்னம்மா இது, விளையாட்டா? முழுசா அடிங்க!" என்று அத்தனையையும் அழித்தார். அக்காவின் கை வீங்கியது, வேலை தேங்கியது. "ரொம்ப மெதுவா இருக்கீங்க" என்று அவளைத் தூக்கி, வரும் அழைப்புகளை எடுக்கும் போன் மேசையில் போட்டார். அடப்பாவி! கையை முடக்கினதே நீதானே?

அடுத்த வாரமே கப்பல் காத்து நிற்க, இவருக்குக் கோப்புறை அகப்படவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய சேமிப்பிலிருந்து அந்தச் சுருக்கங்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அக்காவை மட்டும் கூப்பிடவில்லை.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து ஸுஹைரா அம்மா வந்தார். ஷாத்லி "ரீம்" என்று அடித்து, நொடியில் மாதிரிகளைக் காட்டினார்.

"நம்ம ஏற்பாடுதான் மேடம். எவ்ளோ நேரம் மிச்சம் பாருங்க!"

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா?

"சார், இந்த ரீம்ங்கிறது யாரு?"

"அது... சும்மா ஒரு பேரு."

"அப்போ மைஸ்?"

அவர் என்னை முறைத்தார். போன் மேசைப் பக்கமிருந்து கட்டுப் போட்ட கை உயர்ந்தது.

"ரீம் என் மூத்த பொண்ணு மேடம். மைஸ் ரெண்டாவது. ஸிரீன் கடைக்குட்டி, அவளுக்கு இன்னிக்குப் பரீட்சை."

"அப்போ இவங்க ஏன் போன் எடுத்துக்கிட்டு இருக்காங்க?" என்று ஸுஹைரா அம்மா ஷாத்லியைப் பார்த்துக் கேட்டார்.

ஷாத்லியின் பதிலுக்கெல்லாம் அக்கா காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தன் பழைய நாற்காலிக்கு நடந்தாள்.