ஒரு மூடி மருந்து

மீன் வளர்ப்பவர்களை நான் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. கோழி என்றால் ஒரு மரியாதை உண்டு. தீவனம் தின்றால் முட்டை போடும், பிடிக்கவில்லை என்றால் கத்தும், கையைக் கொத்தும். மீன் என்ன செய்கிறது? வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எங்கள் உறவிலும் அப்படிச் சில ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

இப்படிப்பட்ட நான் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் தொட்டி கட்டக் கற்றுக்கொண்டேன் என்றால், அதற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். சேந்தமங்கலம் ரோட்டில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கொட்டகைக்குள்தான் பார்த்திருக்கிறேன். கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணை எரிக்கும், தொண்டையைக் காந்தும். அது வருஷக்கணக்காக அவர் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சைக் கெடுத்துவிட்டது. இனிக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழிகளை விற்றோம்.

அன்றைக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. சட்டைப் பையில் இன்ஹேலர், பார்வை காலிக் கொட்டகையின் மேல். கேட்டதற்குத் தலையாட்டல், அவ்வளவுதான். சொந்தபந்தமான ஒறம்பரைச் சனம் சாவு வீட்டுக்கு வருவதுபோல வந்து, தாழ்ந்த குரலில் பேசி, காபி குடித்துவிட்டுப் போனது. அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கிற மனிதரைப் பார்த்து உச்சுக் கொட்டுவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அவர்மீதும் எனக்கு ஆத்திரம்தான். "ஏனுங்க, எந்திரிச்சு ஒரு துரும்பையாச்சும் நகத்துங்க. இப்படியே குந்தியிருந்தா நாற்காலிக்கு வேர் உட்ரும்" என்று தினமும் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய், அவர் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டு பாத்திரம் கழுவினேன்.

அப்போதுதான் நாமக்கல்லில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பாடம் எடுத்தவர் தொப்பி போட்டிருந்தார். ஹாலுக்குள் என்ன வெயிலோ தெரியவில்லை. நகத்தில் பொட்டு அழுக்குக் கிடையாது. அதைப் பார்த்ததுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எல்லாம் படத்தில் காட்டினார். படத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

மீனின் கழிவில் அமோனியா இருக்கிறது, அந்தத் தண்ணீரை ஜல்லி நிரப்பிய பாத்தியில் விட்டால் அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியா அமோனியாவை உரமாக மாற்றும், செடி அதை உறிஞ்சிக்கொள்ளும், தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கு வரும் என்றார்.

"நல்ல பாக்டீரியாங்களா? அது எந்த ஊர்லீங்க இருக்குது?" என்று கேட்டேன். ஹாலில் பாதிப் பேர் கோழிப்பண்ணைக்காரர்கள், சிரித்துவிட்டார்கள். வேறு என்ன செய்வோம்? கேட்டில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் எவனையும் உள்ளே விடமாட்டோம். தீவன லாரிக்கும் மருந்து அடிப்போம், கோழி குடிக்கிற தண்ணீரிலும் மருந்து கலப்போம். கிருமியைக் கொன்றே சோறு தின்றவர்கள் நாங்கள்.

ஆனால் அமோனியா என்ற அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரரின் மூச்சைத் தின்ற சனியன் கீரையாக மாறுமாம். அதற்காகத்தான் அந்தத் தொப்பியைச் சாயங்காலம் வரை சகித்துக்கொண்டேன்.

கட்டினேன். இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, மேல் பகுதியை அறுத்துப் பாத்தியாக்கினேன். கீழ்ப்பகுதி மீனுக்கு. பாத்தியைத் தாங்கும் ஸ்டாண்டை லாரி பாடி கட்டும் பட்டறையில் செய்யச் சொன்னது என் புத்தி. கல் லோடே ஏற்றலாம் போல ஒன்றைச் செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, நான் கேட்காமலேயே பக்கவாட்டில் தாமரைப்பூவும் வரைந்து அனுப்பினார்கள். பாத்தியில் தண்ணீர் நிறைந்ததும் தானாக வடிய வேண்டிய சைபன் ஒரு வாரம் வடியவே இல்லை. வடியத் தொடங்கியபோது நிற்கவில்லை. குழாயைக் கழற்றி மாட்டி என் விரலெல்லாம் தோல் உரிந்தது. தொட்டியை வைத்தது அவர் நாற்காலிக்கு நேர் எதிரே. வேண்டுமென்றுதான் வைத்தேன். அந்த மனிதர் தொட்டியைத் தாண்டிக் கொட்டகையையே பார்த்தார்.

முதலில் விட்ட ஜிலேபி மீன் குஞ்சுகள் ஒரு வாரத்தில் மேலே வந்து காற்றை விழுங்கி விழுங்கிச் செத்தன. தப்பு என் மேல்தான். பாக்டீரியா ஜல்லியில் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும், அதுவரை மீன் விடாதே என்று தொப்பிக்காரர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னபடியெல்லாம் செய்தேன். பொறுமையாகத் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்து குஞ்சு விட்டேன். சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தால் தண்ணீர் பச்சையாக மாறியது. பச்சை என்றால் அமோனியா, மஞ்சள் என்றால் இல்லை. மீன் திரும்பவும் செத்தது. கீரையும் வெளிறிப்போய் நின்றது.

போனில் கேட்டதற்குத் தொப்பிக்காரர், "பாசிட்டிவ்வா இருங்க மேடம்" என்றார். தூத்தேறி!

செத்த மீன்களை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வாழைமரத்தடியில் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மீனுக்காக அழ எனக்கென்ன பைத்தியமா? இந்த ஒன்றாவது பிழைத்திருந்தால் அவர் எழுந்து வருவார் என்று நம்பியிருந்தேன். வீம்புக்கு மறுபடியும் குஞ்சு வாங்கி விட்டேன்.

தினமும் விடிந்ததும் ரோட்டுக் கடைக்குப் பால் வாங்கப் போவேன். அன்றைக்குப் பால் வண்டி வரவில்லை. சீக்கிரமே திரும்பினேன். கேட்டைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நாற்காலி காலியாக இருந்தது.

அவர் தொட்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பண்ணையில் மிஞ்சிப்போய் வாசல் மூலையில் கிடந்த நீலக் கேன். கோழித் தண்ணீரில் கலக்கும் கிருமி மருந்து. ஒரு மூடி அளந்து தொட்டியில் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினார். ஊற்றிவிட்டு மீன்களிடம் பேசினார். குஞ்சுக் கோழிகளிடம் அந்தக் காலத்தில் பேசுவாரே, அதே குரலில்.

"ஒண்ணும் ஆவாது சாமி. சீக்கெல்லாம் போயிரும். குடிங்க. அவ பாவம், ரொம்ப வெசனப்படுறா."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் மீன்கள் செத்ததைச் சீக்கு என்று நினைத்துக்கொண்டு, அன்றிலிருந்து நான் பால் வாங்கப் போகிற நேரமாகப் பார்த்து வைத்தியம் செய்திருக்கிறார். நல்ல பாக்டீரியாவை ஒன்று விடாமல் கொன்றிருக்கிறார். நான் எதற்காக இந்தத் தொட்டியைக் கட்டினேனோ அது நடந்துவிட்டது. மனிதர் எழுந்துவிட்டார். எழுந்து வந்து செய்த காரியம் இது!

வாய் வரைக்கும் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க எனக்கா தெரியாது? ஆனால் கேட்டுவிட்டால் அவர் திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழவே மாட்டார். வந்த வழியே ரோட்டுக்குப் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேட்டைத் தடதடவென்று திறந்து வந்தேன். அவர் நாற்காலியில் இருந்தார். சட்டைக் கை நனைந்திருந்தது.

அவர் குளிக்கப் போனதும் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். கேனில் இருந்ததைக் கொட்டி, பலமுறை அலசி, வெறும் தண்ணீரை நிரப்பி அதே மூலையில் வைத்தேன். வாசனையில் கண்டுபிடித்துவிடுவாரோ என்று கொஞ்சம் பயம். அமோனியாவில் ஊறின மூக்குக்கு என்ன வாசனை தெரியப்போகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தத் தடவை மீன் சாகவில்லை. பாக்டீரியா பிடிக்கும்வரை அவர் குளிக்கிற நேரத்தில் தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன், ஒரு மாதம் கழித்துச் சொட்டு மஞ்சளாகவே நின்றது. கீரை கருகருவென்று எழுந்தது. அவர் நாற்காலியைத் தொட்டி அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். தொட்டிமேல் கட்டியிருந்த வலையில் விழுந்த சருகை எடுத்தார், சைபனைச் சுத்தம் செய்தார், வந்தவர்களுக்குப் பாடமும் எடுத்தார். மல்லசமுத்திரத்திலிருந்து வந்த என் தம்பியிடம், "எல்லாம் பராமரிப்புல இருக்குது மாப்ள. உங்கக்காளுக்கு அது பத்தலை" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு காபி ஆற்றினேன். என் ஆயுளில் நான் விழுங்கினதிலேயே கசப்பான மருந்து அதுதான்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அவரே சோறு வடித்தார். குழைந்துபோன சோறு. குறை சொல்லக்கூடத் தெம்பில்லாமல் தின்றேன். எழுந்து நடமாட முடிந்த அன்று காலையில்தான் கேன் ஞாபகம் வந்தது. நான் படுக்கும்போதே அடியில்தான் கொஞ்சம் இருந்தது. இத்தனை நாளில் தீர்ந்திருக்கும், மருந்துக் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்து ஊற்றியிருப்பார், தொலைந்தது எல்லாம் என்று போர்வையை உதறிவிட்டு எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

தொட்டியில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சுகமாக இருந்தன. மூலையில் இருந்த கேனைத் தூக்கினேன். கனத்தது. மூடியைத் திறந்தேன். கழுத்து வரை நிறைந்திருந்தது. மோந்து பார்த்தேன். வெறும் குழாய்த் தண்ணீர்.

அவர் சைபன் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மருந்தை அளவாத்தான ஊத்துறீங்க?" என்றேன்.

"தெனமும் ஒரு மூடிதாம் புள்ள" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கு மேல ஊத்துனா ஆகாதில்ல."