ஆலங்கட்டிக்கு அஞ்சாத ஓடு

1. மேஜைக்கு அடியில்

வளைகுடாவில், அல் ஐன் நகரில் ஆலங்கட்டி விழுந்த அன்று மதியம் நான் ஆபீஸ் கேபினில் உட்கார்ந்து ஒரு வில்லாவுக்கு வாட்டர்ப்ரூஃபிங் கொட்டேஷன் அடித்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆலங்கட்டி என்பது பாடப்புத்தகத்தில் படித்த சமாசாரம். முதல் கல் தகரத்தில் விழுந்தபோது, எவனோ சாரக்கட்டுப் பைப்பைத் தூக்கி எறிந்துவிட்டான் என்று நினைத்தேன். பத்தாவது கல்லுக்குப் பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். அங்கே எங்கள் சேல்ஸ் மேனேஜர் பாஸ்கரன் சார் ஏற்கெனவே இருந்தார்.

கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான், டார்கெட் ஞாபகம் வரும் வரைக்கும். திறந்திருந்த கதவு வழியாக அவருடைய வெள்ளைக் கார் தெரிந்தது. அதன் பானெட் எங்கள் கண்முன்னே நெளிந்து அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை கடவுள் பெயரும் இல்லை, காரின் பெயரும் இல்லை.

"ஜெசிந்தாம்மா, அந்த மெட்டல் ஓட்டுக் கேட்டலாக்கு நம்மகிட்ட எத்தன இருக்கும்?"

"நாப்பது இருக்கும் சார்."

"பத்தாது. இன்னைக்கே பிரிண்டுக்குக் குடுத்துரு."

மெட்டல் ஓடு என்பது எஃகுத் தகட்டின் மேல் கல்துகள் ஒட்டிய கூரை ஓடு. ஆலங்கட்டிக்கு உடையாது. சாதா களிமண் ஓட்டைப்போல மூன்று மடங்கு விலை. பாலைவனத்தில் இதை யார் வாங்குவார்கள் என்று இரண்டு வருடமாக ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்த சரக்கு. அன்று சாயங்காலம் அதற்கு விடிந்துவிட்டது.

2. ஆமாவா, இல்லையா

எங்கள் கம்பெனியில் நான் எஸ்டிமேட்டர். கூரையில் ஏறி அளந்து, என்ன கெட்டுப்போயிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரும் வேலை. சேலையிலிருந்து கார்கோ பேன்ட்டுக்கு மாறி அப்போது ஒன்பது வருடம். மறுநாள் காலை முதல் வேலையாக என்னை அனுப்பியது உம் ஸயீத் வீட்டுக்கு.

உம் ஸயீத் என்றால் ஸயீதின் அம்மா. அங்கே மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் அம்மாக்களை அழைப்பார்கள். ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. இங்கே தமிழாக்கி எழுதுகிறேன், ஆனால் அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. அந்தக் குரல் கேட்டால் முப்பத்தெட்டு வயசிலும் சட்டைப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

முட்டி வலியால் அவரால் மாடிப்படி ஏற முடியாது. முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னை மேலே போய் வீடியோ காலில் காட்டச் சொன்னார்.

"இடப்பக்கம் திருப்பு. அவசரப்படாதே, எனக்குத் தலை சுத்துது. அது என்ன?"

"ரெயின் வாட்டர் அவுட்லெட், மேடம். அடைச்சிருக்கு."

"எதுனால?"

"மண்ணு. அப்புறம் ஒரு புறா."

"உயிரோடவா?"

"இல்ல மேடம்."

அந்த ஊர் வில்லாக்களின் கூரை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். தட்டையான கான்கிரீட் தளம். அதன் மேல் வாட்டர்ப்ரூஃபிங். ஓரத்தில் மட்டும் சுற்றிலும் சரிவாக ஒரு சுவர், அதன்மேல் சிவப்பு ஓடு பதித்திருப்பார்கள். அந்தச் சரிவுக்கு அடியிலும் கான்கிரீட்தான். ஓடு வெறும் அலங்காரம், கல்யாண வீட்டில் காரில் கட்டிய பூமாலை மாதிரி. பூ உதிர்ந்தாலும் கார் ஓடும்.

உம் ஸயீத் வீட்டில் பத்தொன்பது ஓடு உடைந்திருந்தது. ஆனால் ஹாலில் தண்ணீர் கொட்டியது அதனால் இல்லை. மாடிப்படிக்கு மேலே வெளிச்சத்துக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்கைலைட், வெயிலில் காய்ந்து அப்பளமாகி, முதல் கல்லிலேயே நொறுங்கியிருந்தது. வடிய வழியில்லாமல் புறா அடைத்திருந்த தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாக இறங்கியிருந்தது.

கீழே வந்ததும் கேட்டார். "உங்க மேனேஜர் போன்ல சொன்னார், மொத்தக் கூரையையும் மெட்டல் ஓடா மாத்தணும்னு. என் படுக்கை அறை மாடியில. முட்டி போச்சு. லிஃப்ட் போடறதுக்குன்னு ஒரு தொகை வச்சிருக்கேன். அதை இதுல போடறது வொர்த்தா? ஆமாவா, இல்லையா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் பாஸ்கரன் சார் கேபினிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "அந்தம்மா ஹெட்மிஸ்ட்ரஸுங்க. அவங்க போட்டா தெருவே போடும். காரியத்தக் கெடுத்துப்போடாத."

"கணக்குப் போட்டுட்டு வந்து சொல்றேன் மேடம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, ஹோம்வொர்க் வீட்டில் இருக்கிறது என்று சொன்ன பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

3. வஞ்சிரம் இருந்த இடம்

அந்த வாரக் கடைசியில் பாஸ்கரன் சார் ஒரு டெமோ ஏற்பாடு பண்ணினார். யார்டில் பேரீச்சம்பழம், காவா என்கிற அரபுக் காபி எல்லாம் வைத்து வில்லாக்காரர்களை அழைப்பது. சாரக்கட்டின் உச்சியிலிருந்து ஐஸ் உருண்டையை சாதா ஓட்டின் மேலும் மெட்டல் ஓட்டின் மேலும் போட்டுக் காட்டுவது. ஐஸ் உருண்டை செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிறந்தநாள் பலூனில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழ அளவில் முடிச்சுப் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன்.

என் கணவர் அந்தோணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து ஃப்ரீசரைத் திறந்தார்.

"ஏட்டி, வஞ்சிரத்த எங்க?"

"பக்கத்து ஃப்ளாட்ல குடுத்து வச்சிருக்கேன்."

"பொறவு இது என்னது, பச்சையும் மஞ்சளுமா?"

"ஆலங்கட்டி."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். "வானத்துல இருந்து விழுந்தது பத்தலன்னு இனி வீட்டுலயும் செய்யுதியா" என்று சொல்லிவிட்டு முட்டை பொரிக்கப் போனார்.

4. கிரைண்டர்

டெமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒத்திகை பார்த்தோம். சாரக்கட்டின் மேலிருந்து ஃபோர்மேன் ரஃபீக் பாய், குறி தவறாமல் இருக்க ஒரு பிவிசி பைப் வழியாக உருண்டையைப் போட்டார். சாதா ஓட்டின் மேல் விழுந்து ஐஸ்தான் உடைந்தது. இன்னொன்று. மறுபடியும் ஐஸ்தான். ஓடு கிடந்தபடி கிடந்தது.

பாஸ்கரன் சார் ஓட்டை ஒருமுறை பார்த்தார், வாசலை ஒருமுறை பார்த்தார். "பாய், கிரைண்டர் லாவ்."

அறுப்பு மெஷின் வந்ததும் ஓட்டின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு கீறச் சொன்னார். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. தட்டினால் அதன் வழியாகப் பிளக்கும்.

"சார், இது சரியில்ல சார்" என்றேன்.

"நெசமாலுமே ஆலங்கட்டி விழுந்தா உடையத்தானம்மா செய்யுது? நாம அதத்தான் காட்டறோம். வேகம் பத்தல, அதுக்கு ஒரு சின்ன ஒத்தாச."

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி நிஜம். வானத்திலிருந்து வரும் கல்லின் வேகம் எங்கள் சாரக்கட்டுக்குக் கிடையாது. அந்தப் பாதி நிஜத்தைப் பிடித்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன். வருஷ லீவு அப்ரூவலுக்கு நின்றது, விசா ரினியூவல் வந்துகொண்டிருந்தது, இன்னும் நாலு காரணம் சொல்லலாம். ரஃபீக் பாய் கீறினார். ஓடு ஆடாமல் இருக்க ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தது நான்.

டெமோ பிரமாதமாக நடந்தது. முதல் உருண்டையிலேயே களிமண் ஓடு இரண்டாகப் பிளந்தது. மெட்டல் ஓடு டங் என்றது, அவ்வளவுதான். கூட்டம் கை தட்டியது. பேரீச்சந்தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், தானும் ஒன்று போட்டுப் பார்க்கிறேன் என்று கந்தூரா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாரக்கட்டில் ஏறப் போனார். நாலு பேர் பிடித்து இறக்கினோம்.

உம் ஸயீத் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். "அந்த உடைஞ்ச துண்டைக் கொண்டுவா" என்றார் என்னிடம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் முதல் காரியமாகத் திருப்பினார். அடிப்பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேரான கோடு. விரலால் அதை ஒருமுறை தடவினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

துண்டை மடியில் வைத்துக்கொண்டார். டிரைவரைக் கூப்பிட்டு காரிலிருந்து ஒரு சூப்பர்மார்க்கெட் பையை எடுத்துவரச் சொன்னார். உள்ளே ஒரு ஓடு.

"இது என் வீட்டுக் கூரையில இருந்தது. இது மேல போடு."

ரஃபீக் பாய் பாஸ்கரன் சாரைப் பார்த்தார். சார் வானத்தைப் பார்த்தார். முதல் உருண்டை சிதறியது. இரண்டாவதும். மூன்றாவதுக்கு ஓட்டின் மூலையில் சில்லு ஒன்று பெயர்ந்தது.

"ஐஸு இளகிப்போச்சுங்க மேடம். வெயில் பாருங்க" என்றார் சார்.

"ஆமாம், தெரியுது" என்றார் உம் ஸயீத். பிறகு என்னிடம், "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு. கணக்கோட வா."

5. ஒன்பது மணி

எட்டரைக்கே போய்க் காரில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "வேல போனா போகட்டும், போயி உள்ளதச் சொல்லு. இல்லன்னா நீ தூங்க மாட்ட, என்னயும் தூங்க விட மாட்ட" என்றிருந்தார்.

உம் ஸயீத் முதலில் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ வெட்டினியா, பிடிச்சியா?"

"பிடிச்சேன் மேடம்."

"சரி. இப்போ கணக்கு."

சொன்னேன். உங்கள் ஓட்டுக்கு அடியில் கான்கிரீட் இருக்கிறது, ஓடு உடைந்தால் அசிங்கமாக இருக்கும், ஒழுகாது. மெட்டல் ஓடு நல்ல சரக்குதான், ஆனால் உங்களுக்கு அது வொர்த் இல்லை. ஸ்கைலைட்டை மாற்றுங்கள், கெட்டியான ஷீட் போட்டு மேலே கம்பி வலை. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் ஒரு வலை. அவுட்லெட்டை மழைக்காலத்துக்கு முன்னால் சுத்தம் செய்யுங்கள். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றி, மேற்கொண்டு ஐம்பது ஓடு வாங்கி ஸ்டோரில் போட்டு வையுங்கள், இதே கலர் பிறகு கிடைக்காது.

"அப்படின்னா நேத்து என் ஓடு ஜெயிச்சது நிஜம்."

இங்கே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைக் கழுவ வந்த இடத்தில் இன்னொன்றை விட்டுவிட்டுப் போக மனமில்லை. "இல்ல மேடம். அதுவும் நிஜமில்ல. நேத்து வேகம் கம்மி. பெரிய கல்லு விழுந்தா உங்க ஓடு கண்டிப்பா உடையும்."

அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "இப்போ நீ பாஸ்."

யாருக்கு அந்த மெட்டல் ஓடு வேண்டும் என்றும் கேட்டார். நேற்று சாரக்கட்டில் ஏறப் போன பெரியவருக்கு என்றேன். அவர் தோட்டத்து மஜ்லிஸ் கூடம் முழுக்க மரச்சட்டம், மேலே வெறும் ஓடு, நடுவில் கான்கிரீட் கிடையாது. ஓடு உடைந்தால் தண்ணீர் நேராக விருந்தாளி தலையில். உம் ஸயீத் உடனே போனை எடுத்து அவரிடம் பேசினார். அவர் பேரன் இவரிடம் படித்தவனாம். அந்த ஊரில் யார் பேரன் இவரிடம் படிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

பெரியவர் மஜ்லிஸுக்கு ஆர்டர் கொடுத்தார். உம் ஸயீத் ஸ்கைலைட்டுக்குக் கொடுத்தார், மிச்சத்தில் லிஃப்ட் வைத்துக்கொண்டார். உம் ஸயீத் வாய் வழியாக விஷயம் பரவி, டெமோவுக்கு வந்த மற்ற எல்லாரும் ஓட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள், பிறகு ஒருவரும் வாங்கவில்லை.

பாஸ்கரன் சார் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஒரு மாதம் பேசவில்லை. அந்த வருட அப்ரைசலில் சேல்ஸ் திறமை என்ற கட்டத்தில் "முன்னேற வேண்டும்" என்று எழுதினார். மெட்டல் ஓடு பழையபடி தூங்கப் போனது. ஒருநாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "அந்தக் கோட்டக் கொஞ்சம் கோணலாப் போட்டிருக்கோணும்." அவர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

6. சொன்னவள்

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, ஆலங்கட்டி தாங்கும் கூரை வொர்த்தா இல்லையா என்று எப்படிச் சொல்வது என்றுதான். அது கஷ்டமே இல்லை. கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது நனைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று கேளுங்கள். அந்தப் பணத்துக்கு அந்த வீட்டில் வேறு என்ன வேலை காத்திருக்கிறது என்றும் கேளுங்கள். அரைமணி நேரத்தில் பதில் வந்துவிடும்.

கஷ்டம் அதற்குப் பிறகு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீடுகளின் மேலும் வானம் இருக்கிறது.

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி விழுந்தது. முந்தையதைவிடப் பெரிய கல். ஓய்ந்து பத்து நிமிடத்தில் என் மொபைலில் உம் ஸயீத் பெயர் வந்தது. ஐந்து ரிங் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஐந்து ரிங்கில், நான் மட்டும் அன்று ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்த போன் வந்திருக்காது என்று தோன்றியது. பிறகு எடுத்தேன்.

"இருபத்தாறு ஓடு" என்றார், ஹலோ கூடச் சொல்லாமல்.

"ஹாலுக்குள்ள தண்ணி, மேடம்?"

"மாஃபி. ஒரு சொட்டு இல்ல." அதே மூச்சில் கேட்டார்: "போன் எடுக்க ஏன் இவ்வளவு நேரம்?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"இருக்கணும். யல்லா, வந்து ஓட்டை மாத்து."

ஏணியை வண்டியில் ஏற்றச் சொல்லி ரஃபீக் பாயைக் கூப்பிட்டேன்.