செவலையின் கடைவாய்

வீராசாமி அண்ணன் போய்விட்டார் என்று அலோர் ஸ்டாரிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் தின்றதே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்று சபதம் செய்தவன்தான் நான். பல் போன பிறகு சபதமும் போயிற்று. அழுகை வரவில்லை, சோர்வுதான் வந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

கோலா கெத்தில் பக்கம் அவரோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களில் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறோம். குதிரைக்காரர், அதிகம் பேசாதவர், சிரிப்பதில் கருமி என்று, அந்தத் தோட்டத்து ஆட்களான உங்களுக்கு அவரைத் தெரியும். நான் சொல்லப்போவது உங்களுக்கும் தெரியாத விஷயம்.

ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடியபோது காரை எடுத்துக்கொண்டு குதிரையை விட்டுவிட்டுப் போனார். செவலை என்று நாங்கள் கூப்பிட்ட பெட்டைக் குதிரை அது. துரைக்கு முரட்டுக் கை. நிறுத்த ஒரு இழுப்பு, திருப்ப ஒரு இழுப்பு என்று இழுத்து இழுத்து அவள் கடைவாய் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. கடிவாள வாரைத் தொட்டாலே தலையை உதறுவாள். தோட்டத்துக்கு வந்த ஜப்பானிய அதிகாரிக்குக் குதிரை என்றால் உயிர். ஏறிப் பார்த்தார். அவள் உதறிய உதறலில் அவர் தொப்பி கீழே விழுந்தது. மெல்லத் தொட்டால் கேட்கிற வாயாகப் பழக்கித் தரவேண்டும் என்று அண்ணனுக்கு உத்தரவு போட்டார்.

அதே வாரம், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கும் பட்டியல் வந்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் வேலையில்லாமல் இருந்த வாத்தியார் நான். என் பெயரும் இருந்தது, அண்ணன் பெயரும் இருந்தது. முன்பு போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை. அண்ணன் அதிகாரியிடம் போய் மலாயில் சொன்னார்: வாய் பழக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே உட்கார, ஒருவர் கீழே நிற்க. இன்னொருவர் யார் என்று கேட்டதற்கு என்னைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய பழக்கமில்லை. குதிரையில் வால் எந்தப் பக்கம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் இருவர் பெயரையும் அதிகாரி அடித்தார். அடித்த இடத்தில் வேறு இரண்டு பெயர்கள் ஏறியிருக்கும். அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

முதல் மாதம் அண்ணன் அவள் வாயில் இரும்பையே வைக்கவில்லை. மூக்கைச் சுற்றி ஒரு கயிறு, அவ்வளவுதான். சமையலுக்கே கிடைக்காத தேங்காய் எண்ணெயை எங்கிருந்தோ கொண்டுவந்து கடைவாயில் தடவினார். பிறகு, வாங்க ஆளில்லாமல் கிடந்த ரப்பர் பாலில் கடிவாள இரும்பைத் தோய்த்துக் காயவைத்தார். காய்ந்ததும் மறுபடி தோய்த்தார். இரும்பு தெரியாமல் மூடிய பிறகே அதை அவளிடம் காட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டு அவளாகவே வாயைத் திறந்தாள்.

வாரை என் கையில் கொடுத்து அவள் பின்னால் நடக்கச் சொன்னார். "தொங்கவும் விடாதீங்க, இழுக்கவும் செய்யாதீங்க வாத்தியாரே. பின்னால ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்லா. தலை போற பக்கம் கையும் கூடப் போகட்டும். அவ இளகினா நீங்களும் இளகிடுங்க. அதான் அவளுக்குக் கூலி."

இரண்டரை மாதத்தில் ஒரு காலை, வாரை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு அண்ணன் அவள்மேல் வந்தார். கழுத்தை வளைத்து, வெற்றிலை மெல்லுவதுபோல் கடிவாளத்தை மென்றுகொண்டே செவலை நடந்தாள். விரலை மடக்கினார், நின்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். இறங்கியதும் முகம் மாறிவிட்டது. "இதை அவன் பார்த்தா நாளைக்கே ரெண்டு பேருக்கும் சயாம்தான்" என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதிகாரி வருவார். "சுடா?" என்று கேட்பார், முடிந்ததா என்று. அன்றைக்கு அவர் வருவதற்குள் அண்ணன் ரப்பர் பூசிய கடிவாளத்தைக் கழற்றிவிட்டுத் துரையின் பழைய இரும்பைப் போட்டார். பூட்ஸ் சத்தம் கேட்டதும் வாரை வெடுக்கென்று ஒரே இழுப்பு. செவலையின் தலை எகிறியது. "பெலும், துவான்" என்றார் அண்ணன், இன்னும் ஆகவில்லை ஐயா என்று. குதிரை ஆசையில் அதிகாரியும் பொறுத்துக்கொண்டார். அவர் போன பிறகு அண்ணன் உப்புத் தண்ணீரால் அவள் வாயைக் கழுவினார். தண்ணீர் சிவந்திருந்தது. "துரை கோவத்துல இழுத்தான் வாத்தியாரே. நான் தெரிஞ்சே இழுக்கறேன்" என்றார்.

இப்படியே மாதங்கள் போயின. ஆற்றுவதும் பழக்குவதும், அந்த ஒரு நாளில் கெடுப்பதும். ஒருமுறை பூட்ஸ் சத்தம் கேட்டது. அண்ணன் கை அசையவே இல்லை. செவலை தானாகவே தலையை உதறினாள். அதிகாரி போன பிறகும் அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இனிமே இழுக்க வேண்டியதில்ல" என்றார்.

சயாமுக்கு ஆள் எடுப்பது நின்றபிறகு, சண்டை முடிவதற்குள் செவலை தீனியில்லாமல் இளைத்துச் செத்துப்போனாள். கடைசிவரை பூட்ஸ் சத்தத்துக்கு அவள் தலை உதறுவது நிற்கவில்லை. பிறகு வந்த புதுத் துரை குதிரை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அலோர் ஸ்டாரில் ஒரு கிடங்குக்குக் காவல்காரராகப் போனார்.

சென்ற வருடம் அவரைப் பார்க்கப் போனபோதுதான் இத்தனை காலம் கேட்காமலிருந்ததைக் கேட்டேன். "அண்ணே, வாய் பழக்க உண்மையிலேயே ரெண்டு பேர் வேணுமா?"

"குதிரைக்கு ஒரு ஆளே அதிகம் வாத்தியாரே" என்றார்.

பட்டியல்படி நான் சயாமுக்குப் போயிருந்தால், ஒரே மாதத்தில் அவர் என்னை மறந்தே போயிருக்கலாம். ஏன் அண்ணே என்று கேட்க வாய் வரவில்லை.

அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. அவர் விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது இந்த ஆயுள்தான். அதில் பாதி செவலையின் கடைவாயிலிருந்து எடுத்துக் கொடுத்தது.