ஒரே ஒரு தடவை குதிக்கச் சொன்னார்கள்

போன வருடம் மாசி மாதம், ஏற்காட்டில் ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு லாட்ஜின் புல்வெளியில் நடந்தது இது. உடற்பயிற்சிக் கோச் ஆவதற்கான செய்முறைத் தேர்வு அன்றைக்கு. அதில் நான் ஃபெயில். அதைச் சொல்ல எனக்குத் துளிகூட வெட்கமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு பஜாரில் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்கும் கடை எங்களுடையது. எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என்னைப் படுத்தி எடுத்த இடுப்பு வலி, சேலத்தில் ஒரு பெண் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த எளிய பயிற்சிகளால் போனது. நம் ஊர்ப் பெண்களுக்கு நாமே இதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று அப்போதுதான் ஆசை வந்தது. ஃபங்ஷனல் ஃபிட்னஸ் கோச் படிப்பு, ஆறு மாதம், சனி ஞாயிறு வகுப்பு. இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கிச் சேலம் போய்வந்தேன். பதினான்கு பேரில் பெண்கள் இரண்டே பேர். தலையில் துப்பட்டா போட்டவள் நான் ஒருத்திதான். "இந்த வயசுல உனக்கெதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "அவ போவட்டும், கடைய நான் பாத்துக்கறேன்" என்று என் கணவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

முதல் நாள் வகுப்பில் எங்கள் ஆசிரியர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, சுமந்து நடப்பது, தள்ளுவது, இழுப்பது, இவற்றைத்தான் மனிதர்கள் தினமும் செய்கிறார்கள். அதை வலியில்லாமல் செய்யவைப்பதுதான் உங்கள் வேலை, கண்ணாடியில் அழகாகத் தெரியவைப்பது இல்லை என்றார். ஒவ்வொருவரும் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, கடைசித் தேர்வுக்கு அழைத்துவர வேண்டும் என்றும் சொன்னார்.

மற்றவர்கள் ஜிம்முக்குப் போகும் வாலிபர்களைப் பிடித்தார்கள். நான் கரடியூர் அக்காவைக் கேட்டேன். அவர் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பவர், நாற்பத்தாறு வயது. அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று தாழ்வான பெஞ்சிலிருந்து எழ முடியாமல் அவர் திணறியதைப் பார்த்திருந்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டில் பெரிய கோளாறு இல்லை, காலில் பலம் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாராம்.

"உங்களுக்கு என்ன செய்ய முடியணும்க்கா?" என்று கேட்டேன்.

"சர்ச்சுல எல்லாரும் முட்டி போடறாங்க கண்ணு. நான் மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருக்கறன். போட்டா எந்திரிக்க ரெண்டு பேரு கை குடுக்கோணும். நொம்ப கூச்சமா இருக்குது."

வாரத்தில் மூன்று நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் பயிற்சி. இங்கே என் தவறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாவது வாரமே படியிலிருந்து குதித்து இறங்கச் சொன்னேன். வகுப்பு நோட்டில் அடுத்து அதுதான் இருந்தது; எனக்கு அவசரம். அவர் முகத்தைச் சுளித்தார். "பயப்படாதீங்க, உங்களால முடியும்" என்று பெரிய கோச் மாதிரி கைதட்டினேன். மறுநாள் முட்டி வீங்கிவிட்டது. பழம் பறிப்பு தொடங்கிய நேரம், ஐந்து நாள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "வலிக்குதுன்னு நான் மூஞ்சியிலயே சொன்னனே கண்ணு. நீ நோட்டயே பாத்துட்டு இருந்த" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீக்கம் வடிந்து டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி தொடங்கினோம். செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை. அதில் உட்கார வேண்டும், கை ஊன்றாமல் எழ வேண்டும், அவ்வளவுதான். சுலபமாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகே ஒரு வரிசைக் கல்லை எடுப்பேன். வலி இருக்கும் நாளில் திரும்ப வைப்பேன். "எடுத்த கல்ல மறுக்கா வெக்கறயே" என்று அவருக்கு வருத்தம். "வச்சா என்னக்கா, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்பேன். பிறகு இடுப்பை மடக்கிக் குனிந்து கூடை எடுப்பது, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு நடப்பது, சரிவில் மெதுவாக இறங்குவது. அவர் தினமும் செய்கிற வேலைகள்தான் எல்லாம். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "எந்திரிச்சுட்டேன் கண்ணு! யாரும் புடிக்கல!" என்றார். கடையில் வாடிக்கையாளர் நிற்பதையும் மறந்து நான் கத்திவிட்டேன்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். வகுப்பு சேலத்தில் என்றாலும் தேர்வை மட்டும் எங்கள் ஊரிலேயே வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் மதிப்பெண் தாளோடு வந்திருந்தார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளின் கேன்வாஸ் ஷூவைப் போட்டு வந்தார். பார்த்துச் சிலர் சிரித்தார்கள். இருபது கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளியை அவர் இரண்டு சுற்று நடந்துவந்தபோது சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. தரையிலிருந்து அதன்மேல் குதித்து ஏற வேண்டும்.

"இவங்க ஏறி இறங்குவாங்க சார், குதிக்க மாட்டாங்க" என்றேன்.

"ஷீட்ல ஜம்ப்னு இருக்கு மேடம். எல்லாருக்கும் ஒரே ரூல்."

"எல்லாருக்கும் ஒரே முட்டி இல்லீங்களே சார்."

அவர் பேனாவை மூடினார். "ஒரே ஒரு தடவை. இல்லேன்னா இந்தப் பகுதிக்கு ஜீரோ. ஜீரோ வந்தா ஃபெயில்." எங்கள் ஆசிரியரும் பக்கத்தில் வந்து, "ஒரு தடவைதானே மேடம், ஆறு மாச உழைப்பு" என்று மெதுவாகச் சொன்னார். முதல் நாள் அவ்வளவு அழகாகப் பேசியவர் அவர்தான்.

அதற்குள் அக்கா பெட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டார். "நான் குதிச்சர்றேன் கண்ணு. உனக்காவ."

உண்மையைச் சொல்கிறேன், அந்த விநாடி, குதித்துவிடட்டும் என்று மனசு சொன்னது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு வீங்கியிருந்த முட்டியும், அவர் வெந்நீர்த் துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கண்முன் வந்தன. போய்ப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"வேணாங்க்கா. நீங்க குதிக்கக் கூடாது."

"அப்ப ஃபெயில் போடறேன்" என்றார் தேர்வாளர்.

"போடுங்க சார். காரணத்தையும் சேத்து எழுதுங்க."

அவர் ஜீரோ மட்டும் போட்டுக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். நான் கையெழுத்துக்கு மேலே, 'வலி வந்த முட்டியைக் குதிக்கவிட கோச் மறுத்தார்' என்று தெளிவாக எழுதிக்கொடுத்தேன்.

பஜாருக்கு நடந்துவரும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கோ என்மேல் கோபம். "உன்ற படிப்ப நான் கெடுத்துட்டனே" என்று வழிநெடுகப் புலம்பினார். "நீங்க கெடுக்கலக்கா, நான்தான் விட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

அடுத்த வாரம் எஸ்டேட்டிலிருந்து எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவரே என் வீட்டுக்கு வந்தார். ஒருவருக்குத் தோள், ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு மேடு ஏறினால் மூச்சிரைப்பு. மறைக்க மனமில்லாமல், நான் தேர்வில் ஃபெயிலானவள் என்று எல்லோரிடமும் சொன்னேன். "ஃபெயிலானவங்க கிட்டயா கத்துக்கறது?" என்று ஒரு பெண் வெளிப்படையாகவே கேட்டார்.

"எதுக்கு ஃபெயிலானாங்கன்னு கேளு. அதுக்குத்தான் இங்க வந்திருக்கறோம்" என்றார் அக்கா. கேட்ட பெண்தான் முதலில் பாயை விரித்தார்.

பிறகு வேறோர் இடத்தில் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். குதிக்க முடியாதவர் ஏறி இறங்கலாம் என்று அங்கே தாளிலேயே இருந்தது. ஆனாலும் கோச் ஆகப்போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஜெயித்த தேர்வைப் பற்றிச் சொல்வதில்லை, தோற்றதைத்தான் சொல்கிறேன். என்னை நம்பித் தன் உடம்பை ஒப்படைத்த ஒருவரைவிட என் மதிப்பெண் பெரிதென்று யார் சொன்னாலும், அன்றைக்குப் போலவே நடுவில் போய் நிற்பேன், எத்தனை முறை வேண்டுமானாலும் ஃபெயிலாவேன்.