விடுமுறை வீட்டில் இரண்டு சமையல்காரிகள்

கூலிக்குச் சமைக்கப் போகும் வீடுகளில் கத்தி ஒருபோதும் வெட்டாது. இந்தத் தொழிலில் இருந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வெள்ளி முட்கரண்டி இருக்கும், பாட்டன் காலத்துப் பீங்கான் இருக்கும், ஒரு வெங்காயத்தை அரிய ஆயுதம் இராது. ஆகவே சொந்தக் கத்தியைத் துவாயில் சுற்றிக் கைப்பையின் அடியில் ஒளித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் கண்டுவிடுவாரோ என்ற பயத்தோடு லண்டன் நோர்தேர்ன் லைன் ரயிலில் போய்வந்த சக சமையல்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்தோம். கிழமை நாட்களில் எனக்கு ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. சனி, ஞாயிறுகளில் வெள்ளைக்காரர் வீட்டு விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தேன். அவர்கள் பேசியது இங்கிலிஸ். என் மனதில் தங்கியிருப்பது என் வாய்த்தமிழில். இங்கிலிசில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒன்றுதான் என்பதால், யாருக்கு எது பொருந்துமென்று நானே பார்த்துப் போட்டிருக்கிறேன்.

கறி வேணும், மணம் வேண்டாம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் ஐரிஷ் அம்மா ஒருவர்தான் என்னை விம்பிள்டனில் மிஸஸ் விட்கம் என்ற பெண்மணியிடம் அனுப்பினார். நெட்டையான, நேரம் தவறாத மனுஷி. விருந்தாளிகள் கறி சாப்பிட ஆசைப்படுகிறார்கள், ஆனால் திரைச்சீலையும் கம்பளமும் புதிது, வீட்டில் மணம் ஏறக்கூடாது என்றார். மணக்காத கறிக்கு எங்கள் ஊரில் வெந்நீர் என்று பெயர். நான் "ஓம் மேடம்" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் தாளிக்க முன்னமே கண்ட யன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

அது தை மாதம். விருந்தாளிகள் கோட்டைக் கழற்றாமலே மேசையில் இருந்தார்கள். ஒரு பெண் கையுறையோடு கரண்டியைப் பிடித்தாள். ஆனாலும் சட்டியெல்லாம் காலி. போகும்போது ஒரு கிழவர் குசினிக்குள் வந்து என் கையைக் குலுக்கினார். "அருமையான சாப்பாடு. ஆனா இலங்கையில நீங்கள் இவ்வளவு குளிருக்குள்ள இருந்து சாப்பிடுறனீங்களெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

லீவில் போகிறவர்கள்

அதற்குப் பிறகு மிஸஸ் விட்கம் அடிக்கடி கூப்பிட்டார். அவருடைய கணவருக்கு வயிறு சரியில்லை. வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர், ஆனால் நான் மெதுவாக அவிக்கும் மீனை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். ஒரு வருசம் மிஸஸ் விட்கம் என்னை இருத்திவைத்து விசயத்தைச் சொன்னார். மகள் க்ளேருக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை நைஜல். இரண்டு குடும்பமும் மாசி மாதத்தில் பார்படோஸ் தீவில் கடலோரம் ஒரு பெரிய வில்லாவை வாடகைக்கு எடுத்து இரண்டு கிழமை, பதினாலு நாள், தங்கப் போகிறது. நிச்சயதார்த்த விருந்தும் அங்கேதான். முன்பின் தெரியாத சமையல்காரியை நம்ப ஏலாது, ரெஜினா, நீர் கூட வரவேண்டும் என்றார்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்போது பஸ் டிப்போவில் வேலை. பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லசை எடுத்து, அந்தத் தீவைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் மூடிப் பார்த்தார். தீவு விரலுக்குள் மறைந்துவிட்டது. பிறகு சொன்னார்: "லீவில போகேக்கையும் சமையல்காரியைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா, இவை எதில இருந்துதான் லீவு எடுக்கினம்?"

தூள்

நான் வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மூன்று பொலித்தீன் பைகளுக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். பார்படோஸ் விமான நிலையத்தில் சுங்க உத்தியோகத்தர் என் பெட்டியை மட்டும் திறக்கச் சொன்னார். மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள். என்னிடம் இருந்ததோ பிரிட்டன் கொடுத்த அகதிப் பயணப் பத்திரம். இங்கே ஏதும் பிழையாகிப் போனால் எந்த நாடு எனக்காகப் பேசும்?

அந்த மனிதர் பையைப் பிரித்து ஆழமாக முகர்ந்தார். அடுத்த வினாடி தும்மத் தொடங்கி, தொப்பி விழ விழத் தும்மினார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏன் வந்தாய் என்று கேட்டார். ஒரு லண்டன் குடும்பத்துக்குச் சமைக்க வந்தேன் என்றேன். பையை முடிந்து என் கையில் தந்தார். "எங்கட தீவில அடுப்பு மூட்டத் தெரிஞ்ச பொம்பிளையளே இல்லையெண்டு ஆர் அவைக்குச் சொன்னது?"

கதவடியில் நின்றவள்

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வில்லாவுக்குப் போய்ச் சேர்ந்தால் குசினிக் கதவடியில் ஒரு உயரமான பெண், வெள்ளை ஏப்ரனோடு, கைகளைக் கட்டியபடி நிற்கிறாள். பெயர் வேர்ணா. வாடகைக்கு வருகிறவர்களுக்கு வருசக்கணக்காகச் சமைப்பவள் அவள்தான். வீட்டோடு சமையல்காரியும் சேர்த்தி என்பதை வாடகைப் பத்திரத்தில் யாரும் கவனித்து வாசிக்கவில்லை. வில்லாவைப் பார்த்துக்கொள்ளும் முகாமையாளர் என்னைக் கண்டவுடன் வேர்ணாவிடம், இந்த இரண்டு கிழமையும் நீ வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். லண்டன்காரர் வருவது அந்த ஒரு பருவத்தில்தான். அதை விட்டால் அவளுக்கு அடுத்த வருசம்வரை இழுபறி.

சமையலுக்கு ஆள் வேண்டாமென்று அனுப்பப்படுவது என்னவென்று எனக்குத் தெரியும். நேரே மிஸஸ் விட்கமிடம் போனேன். "மேடம், இஞ்சத்தை மீனின்ர பேரும் எனக்குத் தெரியாது, சந்தைக்கு வழியும் தெரியாது, இந்த அடுப்பும் தெரியாது. வேர்ணா இல்லாமல் விருந்து சரிவராது" என்றேன். அதில் பாதி உண்மை. அவர் முகாமையாளரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் இருக்கட்டும் என்றார். நான் நல்ல செய்தியோடு ஓடிப்போய்ச் சொன்னதும் வேர்ணா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நன்றி. ஆனா நான் உனக்குக் கையாள் இல்லை, நீதான் என்ர விருந்தாளி. உள்ள வா, இரு. சட்டியில கை வைக்கிறதெண்டா மட்டும் கேட்டிட்டு வை."

யார் எந்த ஊர்

முதல் இரவுச் சாப்பாட்டுக்கு வேர்ணா பறவைக்கோலா மீன் பொரித்தாள். சோளமாவையும் வெண்டிக்காயையும் கிண்டி, எங்கள் களிபோல ஒன்றும் செய்தாள். நான் இறால் கறியும், தேங்காய்ப்பால் விட்டு ஈரப்பலாக்காயும் வைத்தேன். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறினோம். நைஜலின் தாய்க்கு லண்டனிலிருந்து ஒரு சமையல்காரி வந்திருப்பது தெரியும். எங்களில் அது யார் என்பதுதான் தெரியாது. தேங்காய் துருவி வியர்த்துப்போய் நின்ற என்னிடம், இந்த அழகான தீவைவிட்டு நீர் ஒருநாளும் வெளியே போகமாட்டீர் என்ன என்று கேட்டார்.

பிறகு வேர்ணாவின் பக்கம் திரும்பி, லண்டன் குளிரில் இருந்து வந்த உமக்கு இந்த வெயில் எப்படி ஒத்துக்கொள்கிறது என்றார். வேர்ணா கண் வெட்டாமல் சொன்னாள்: "பழகி வருது மேடம். பிறந்த நாளில இருந்து பழகிக்கொண்டுதான் இருக்கிறன்."

கேக்கில் பெயர்

நிச்சயதார்த்த விருந்தன்று மத்தியானம் வேர்ணா ரம்மில் ஊறிய பழங்களைப் போட்டு ஒரு பெரிய கேக் செய்து, வெள்ளை ஐசிங் பூசி முடித்திருந்தாள். இரண்டு பெயரையும் எழுதுவதுதான் மிச்சம். அப்போது க்ளேர் உள்ளே வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. "வேர்ணா, பேர் எழுதவேண்டாம்" என்றாள். எழுத்துக்கூட்டல் பிழையாகுமென்று பயப்படுகிறாளாக்கும் என்று வேர்ணா சிரித்தாள். க்ளேர் கதிரையில் குந்தினாள். "நான் அவனைக் கட்டப்போறதில்லை."

நைஜல் கெட்டவன் இல்லை, அடிக்கவில்லை, குடிக்கவில்லை என்று அவளே சொன்னாள். "இஞ்ச வந்த நாளில இருந்து பார்க்கிறன். நான் என்ன குடிப்பன், எங்க போவன், எப்ப நித்திரை கொள்ளுவன், எல்லாம் அவனே சொல்லுறான். என்னட்ட ஒண்டும் கேட்கிறேல்லை. விருந்தில நானே சொல்லுறன். அதுவரைக்கும் அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." அவள் எழுந்து போனாள். என்னைக் கடல் கடந்து கூட்டிவந்தவர் தாய். அவருக்குச் சொல்லாமல் விடலாமா? சொன்னால் அந்தப் பிள்ளையை அறைக்குள் கூப்பிட்டுப் புத்தி சொல்லி, மேசைக்கு வர முன்னமே வாயை அடைத்துவிடுவார்கள். எங்களுடைய பெட்டையள் எத்தனை பேர் அப்படி வாயடைத்து மணவறைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வேர்ணாவைப் பார்த்தேன். அவள் ஐசிங் பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மிஸஸ் விட்கம் வந்து கேக்கைப் பார்த்துப் பெயர் எங்கே என்று கேட்டபோது, இந்தச் சூட்டில் உருகிவிடும், கடைசி நேரத்தில் எழுதுகிறேன் என்று சமாளித்தாள். நான் குனிந்து மீனுக்கு எலுமிச்சை பிழிந்தேன்.

மேசை வராந்தாவில், கடலைப் பார்த்தபடி. நான் மீன் தட்டோடு நிற்கும்போது க்ளேர் எழுந்தாள். குரல் நடுங்கவில்லை. மன்னிக்கவேண்டும் என்று நைஜலைப் பார்த்துச் சொல்லி, மோதிரத்தைக் கழற்றி அவனுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நைஜல் சிவந்துபோனான். மிஸஸ் விட்கம் மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் முன்னமே அறிந்திருந்தேன் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்கவேண்டும். போகவா நிற்கவா என்று தெரியாமல் தட்டோடு நின்றேன். அப்போது மிஸ்டர் விட்கம், அந்த வாய் திறவாத மனிதர், எட்டி மகளின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். "ரெஜினா, இவளுக்கு ஒரு பெரிய துண்டு மீன் போடும். பிள்ளை மத்தியானமும் சாப்பிடேல்லை."

மிஞ்சியது

நைஜலின் குடும்பம் அடுத்த நாளே போய்விட்டது. கேக்கைக் கண்ணில் படாமல் எங்கேயாவது கொண்டுபோ என்றார் மிஸஸ் விட்கம். வேர்ணாவின் கோயிலில் அந்தக் கிழமை யாருக்கோ கலியாணம். கேக்கை ஒரு வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு புறப்பட்டாள். "பேர் எழுதாத கேக் எந்தக் கலியாணத்துக்கும் போகும்."

சூப்புக்கு முன்னம்

லண்டன் திரும்பியபிறகு விம்பிள்டனில் இருந்து அழைப்பு இல்லை. எனக்கு அது விளங்கியது. வீட்டின் அவமானத்தை வீட்டுக்காரிக்கு முன்னம் அறிந்த சமையல்காரியை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? வேறு வீடுகள் கிடைத்தன. ஆனாலும் அந்த வீதிப் பக்கம் போகும்போது நான் எதிர்ப்புறமாகத்தான் நடப்பேன்.

தொண்ணூறுகள் பிறந்து கொஞ்சக் காலத்தில் க்ளேர் எனக்கு டெலிபோன் எடுத்தாள். டூட்டிங்கில் ஒரு சின்ன பிளாட் வாங்கியிருக்கிறாளாம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம். தான் கட்டப்போகும் பொடியனைத் தாய் தகப்பனுக்குக் காட்ட ஒரு விருந்து, நான் வந்து சமைக்கவேண்டும் என்றாள். விருந்தன்று அந்தப் பொடியன் குசினிக்குள் வந்து, எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டான். க்ளேர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஒரு ஆள் திரும்பினால் மற்ற ஆள் இடிபடும் குசினி அது. மிஸஸ் விட்கம் நேரே அங்கேதான் வந்தார். தலை நரைத்திருந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். "அண்டைக்கு உமக்கு முன்னமே தெரியும்" என்றார். "ஓம் மேடம்" என்றேன். சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். அன்றைக்கே தெரிந்திருந்தால் மகளைத் தடுத்திருப்பேன் என்றும், தடுத்திருந்தால் இன்றைக்கு இந்த வீட்டுக்குத் தன்னை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள் என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு கோட்டைக் கழற்றி என் தோளுக்கு மேலால் கொளுவியில் மாட்டினார். "ஆனா இண்டைக்கு ஆர் ஆரை விடப்போகினம் எண்டதைச் சூப்புக்கு முன்னமே எனக்குச் சொல்லிப்போடும்."

சமைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போகும் என் சக தொழிலாளர்களுக்குச் சொல்வேன், இந்த வேலையில் ஆகச் சுகமான பகுதி சமையல்தான்.