வெள்ளிக்கிழமைச் சந்தனமும் எட்டு சிலிண்டர் வண்டியும்

கோவர்த்தனன் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் சித்தூரில் யாரும் இல்லை. சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவார். அங்கே நிற்கும் காரின் முன்மூடியைத் தொட்டுப் பார்ப்பார், குனிந்து தரையில் எண்ணெய்ச் சொட்டு தேடுவார், திரும்பி வருவார். அதற்குள் ரசம் ஆறிப்போயிருக்கும்.

"அது இன்னா ஓடியா பூடும்? குந்தித் துன்னுயா" என்பாள் மனைவி அம்சவேணி.

ஓடிப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ஓடாமல் நின்றதுதான் தொல்லை.

எட்டு சிலிண்டர், அமெரிக்காவில் செய்தது, ஆறு பேர் கால் நீட்டி உட்காரலாம். ஒரு ஜமீனில் பதினோரு வருஷம் அதை ஓட்டியவரே கோவர்த்தனன்தான். ஜமீன் ஒழிந்து, ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம், வண்டியை வந்த விலைக்குத் தள்ளினார்கள். ராஜா வண்டி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மனுஷன் பூரித்துப்போனார். ராஜாவாலேயே கட்டித் தீனி போட முடியாமல்தான் விற்கிறார் என்பது மட்டும் தோன்றவில்லை. குடிபாலாவில் அம்சவேணிக்கு அவள் நைனா எழுதிவைத்த ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. அதைக் கன்னையா என்பவரிடம் ஏழு வருஷத் தவணைக்கு அடகு வைத்து வண்டியை வாங்கினார்.

"ரெண்டே வருசம். தோப்ப மீட்டு உன் கைல குடுக்கறேன்" என்றார். சொன்னபோது அது பொய்யில்லை.

கல்யாண ஊர்கோலம், திருத்தணி கிருத்திகை, திருப்பதி சவாரி என்று வருமானம் நன்றாகத்தான் வந்தது. வந்த வழியே வண்டிக்குள் போனது. ஒரு டயர் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக மெட்ராஸுக்கு மூன்று தடவை ரயில் ஏறினார். பெட்ரோலை அது குடித்த வேகத்தை நான் சொல்லப்போவதில்லை, வயிறு எரியும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கொதிப்பைத்தான் தாங்க முடியவில்லை. சமதரையில் போகும்போதே சூடு காட்டும் முள் ஏறிவிடும். மேட்டைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம், புஸ்ஸென்று ஆவி விட்டு நடுரோட்டில் நின்றுவிடும். மெக்கானிக் பாலையா தண்ணீர் பம்ப்பை மாற்றினார், ரப்பர் குழாய்களை மாற்றினார், விசிறியை மாற்றினார், கடைசியில் இன்ஜினையே பிரித்துக் கோத்தார். ரேடியேட்டரின் உள்குழாய்களைச் சோடா கரைத்துக் கழுவினார். அதன் முன்பக்கத்தை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டுவிடுவார்.

ஏனென்றால் அங்கேதான் சாமி இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவர்த்தனன் முன்கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, ரேடியேட்டரின் மேலேயே மஞ்சளும் சந்தனமும் அப்பி, பெரிய நாமம் போட்டு, தேங்காய் உடைத்த தண்ணீரை அதன்மேல் தெளிப்பார். வண்டி கொதித்த வாரம் சந்தனம் கூடும். கொதிப்பு அதிகமானால் பக்தியும் அதிகமாகும். என்ன செய்வது, மனுஷனுக்குப் பயம்.

இப்படியே ஏழாவது வருஷமும் வந்துவிட்டது. சித்திரை பிறந்தால் தோப்பின் தவணை முடிகிறது, அதற்குள் மீட்காவிட்டால் தோப்பு கன்னையாவுக்கு. அந்த நேரம் பார்த்து எல்லைத் தகராறும் தீர்ந்தது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி முதல் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யம், சித்தூர் ஆந்திரா. இனி திருத்தணி சவாரிக்கு அந்தப் பக்கத்துப் பெர்மிட் வேண்டும், அந்தப் பக்கத்து வரி வேண்டும். கோவர்த்தனன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார்.

ஒரே ஒரு வழி திறந்தது. திருப்பதியில் லாட்ஜ் நடத்தும் முனிகிருஷ்ணன், பணக்கார யாத்ரீகர்களை மலைக்கு ஏற்ற மாத வாடகைக்கு ஒரு பெரிய வண்டி தேடிக்கொண்டிருந்தார். "ஒருவாட்டி என்னக் குந்த வெச்சிக்கினு மேல ஏத்திக் காட்டு. நடுவுல நிக்கக் கூடாது. ஏறிச்சின்னா அட்வான்ஸ் அப்பவே" என்றார். அந்த அட்வான்ஸ் தோப்பை மீட்கப் போதும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே கோவர்த்தனன் ரெண்டு பங்கு சந்தனம் அரைத்து அப்பினார். முன்னால் சாமந்தி மாலையும் கட்டினார். அம்சவேணி ஒரு குடம் தண்ணீரோடு பின்னால் ஏறிக்கொண்டாள். தோப்பு அவளுடையது, அவள் பார்க்காமல் யார் பார்ப்பது?

மலையடிவாரத்து அலிபிரி தாண்டி மூன்றாவது வளைவிலேயே முள் நகர ஆரம்பித்தது. கோவர்த்தனன் கோவிந்தா கோவிந்தா என்று முனகினார். நான்காவது வளைவில் ஆவி கண்ணாடியை மறைத்தது. வண்டி நின்றது.

"சாலு டிரைவரே, சாலு" என்று முனிகிருஷ்ணன் தெலுங்கில் போதும் சொல்லிவிட்டு இறங்கினார். பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

கோவர்த்தனன் பாறையோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அம்சவேணிக்குச் சந்தனம் கருகும் வாசனை அடித்தது. முன்னால் போய் மாலையை அறுத்துப் போட்டாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரைத் தட்டினாள். பழைய சுவர்ப் பூச்சுபோல ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் இன்னொரு பாளம். ஏழு வருஷத்து வெள்ளிக்கிழமைகள்.

"கை வெக்காதடி! சாமி!" என்று ஓடி வந்தார்.

"காத்து பூர்றதுக்கு எடம் எங்கயா கீது? ஒரு கண்ணாவது தெறந்து கீதா, பாரு."

பார்த்தார். தண்ணீரை ஆற்றுவதற்குக் காற்று போகவேண்டிய சின்னச் சின்னக் கண்கள் அத்தனையும் கல்லாக அடைந்திருந்தன. அவள் கொண்டையூசியை உருவிக் குத்திக் குத்தி எடுத்தாள். அவரும் விரல் நகம் தேயச் சுரண்டினார். அரைமணி நேரத்துக்குப் பிறகு குடத்துத் தண்ணீரை ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். மலை உச்சிவரை முள் பாதியைக்கூடத் தொடவில்லை.

மேலே முனிகிருஷ்ணன் இன்னொரு வண்டிக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுத்து முடித்திருந்தார். கோவர்த்தனன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கொடுத்த வாக்கை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. சித்திரை பிறந்தது, தோப்பு கன்னையாவுக்குப் போனது.

அதற்குப் பிறகு அந்த வண்டி கொதிக்கவே இல்லை. "பழைய வண்டின்னா இதுதான்யா வண்டி" என்று ஊரே மெச்சியது. மெச்சும்போதெல்லாம் கோவர்த்தனன் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். பம்ப், குழாய், விசிறி, இன்ஜின் என்று மாற்றியதெல்லாம் ராத்தூக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஒரு கொண்டையூசி போதுமாக இருந்திருக்கிறது. அம்சவேணி ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடி ஓரத்தில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள், அவ்வளவுதான்.

அடுத்த மாசியில் வேலூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். இருவரும் வண்டியில் போனார்கள். குடிபாலா நெருங்கியதும் கோவர்த்தனன் வேகத்தைக் கூட்டினார்.

"மெல்லத்தான் போயேன்" என்றாள்.

மெல்லப் போனார். ரோட்டை ஒட்டியே தோப்பு. அவள் கழுத்தைத் திருப்பிக் கடைசி மரம்வரை பார்த்தாள்.

"இந்த வருசம் பூ நல்லா வெச்சிக்கீது" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. கோவர்த்தனன் முள்ளைப் பார்த்தார். ஏழு வருஷமாக ஏறாதே ஏறாதே என்று வேண்டிக்கொண்ட முள். இப்போது மட்டும் அது ஏறினால் வண்டியை நிறுத்தி இறங்கலாம், முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே மறைத்துக்கொள்ளலாம். ஏறு என்று வேண்டிக்கொண்டார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது, வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.